எழுத்தில் தடுக்கி நிற்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

டிஸ்லெக்சியா (அறிவுத்திறனில் குறை இல்லாமலே படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்) உள்ளவர்களுக்குத் தரப்படும் முறைசார்ந்த மொழி, வாசிப்புப் பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் தருபவர்கள் இந்தப் பயிற்சியை அன்றாடம் நடத்துபவர்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வாயால் கேட்டால் பதில் டக்கென்று வரும். புத்தகத்தைத் திறந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்கிறான். ஒரு வருடமாக டியூஷன் போகிறான், மாற்றமில்லை. டிஸ்லெக்சியா என்று சொல்லி, தனிப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அதுவும் இன்னொரு டியூஷன்தானே?

பதில்: டியூஷனில் பாடம் நடக்கும். இந்தப் பயிற்சியில் பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு வேலையே இல்லை. பேசும் சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பது, அந்த ஒலியை எழுத்தோடு தயங்காமல் பிணைப்பது, இந்த இரண்டு இடத்தில்தான் டிஸ்லெக்சியா உள்ளவர்களில் பெரும்பாலோர் தடுக்கி நிற்கிறார்கள். அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்ற பிள்ளைகள் சில தடவை பார்த்ததும் பிடித்துக்கொள்ளும் ஒரு சொல்லை, இவர்களுக்குப் பிரித்துக் காட்டி, கூட்டிக் காட்டி, நாள் விட்டு நாள் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. டியூஷனில் அதற்கு நேரமில்லை. நாளைய வீட்டுப்பாடம் காத்திருக்கும்.

பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான்: சொல்லித் தராத எதையும் படிக்கச் சொல்வதில்லை. எளிதிலிருந்து கடினம் வரை ஒரு வரிசை உண்டு. ஒரு படி உறுதியான பிறகே அடுத்தது. "படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும்" என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. விதி இருந்தால் விதியைச் சொல்லிவிடுவோம். உங்கள் மகன் ஊகிப்பது சோம்பலால் அல்ல. கூட்டத் தெரியாத சொல் எதிரில் வரும்போது அவனுக்கு இருக்கும் ஒரே வழி அது. கூட்ட முடிகிற சொற்களை மட்டும் சில மாதம் கொடுத்தால் ஊகம் தானே குறையும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. படிக்க மட்டும் வராத ஒரு புத்திசாலிச் சிறுவனைப் பற்றி பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896லேயே எழுதினார். 1920களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இதை ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்து அன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள் பயிற்சி முறையை வகுத்தார்கள். மூளையைப் பற்றி ஆர்ட்டன் சொன்ன விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. அந்த ஆசிரியைகள் போட்ட வரிசை நிலைத்துவிட்டது. இன்று பல பெயர்ப் பலகைகளில் நடப்பது பெரும்பாலும் அதன் கிளைகள்தான். பலகையைப் பார்க்காதீர்கள். "இன்றைக்கு என்ன சொல்லித் தந்தீர்கள், ஏன் இன்றைக்கு அது?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் நல்ல இடம்.

சேர்ப்பதற்கு முன் காதும் கண்ணும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். லேசான கேட்புக் குறைவைக் கவனிக்காமல் ஒலிப் பயிற்சி தருவது வீண்.

கேள்வி: வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது? வெளியே உட்கார்ந்திருக்கிறோம், ஒன்றும் தெரிவதில்லை.

பதில்: ஐம்பது நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பம் அட்டை. இதுவரை கற்ற எழுத்துகள், அட்டைக்கு ஒன்றாக. காட்டியதும் பிள்ளை ஒலியைச் சொல்ல வேண்டும். மூன்று நொடிக்கு மேல் தயங்கினால் அந்த அட்டை தனிக் கட்டுக்குப் போகும். அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை அது திரும்பி வரும். பிறகு அதுவே தலைகீழாக: பயிற்சியாளர் ஒலியைச் சொல்ல, பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும். இரண்டும் சேர்ந்து ஏழெட்டு நிமிடம்.

அடுத்து, எழுத்தே இல்லாமல் ஒலி வேலை. ஒரு சொல்லைச் சொன்னதும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தானைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். எல்கோனின் என்ற ரஷ்ய உளவியலாளரின் உத்தி இது. "கல்" என்றால் க், அ, ல், மூன்று பொத்தான். "முதல் ஒலியை எடுத்துவிட்டு ப் வை" என்றால் "பல்" வர வேண்டும். நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் விளையாட்டு அலுத்துவிடும்.

பிறகு பொருளில்லாத சொற்கள்: தெமோபு, கிலாடு மாதிரி. பெற்றோர் பலருக்கு இதில்தான் கோபம், "இல்லாத சொல்லை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று. ஊகிக்க முடியாத சொல் இது ஒன்றுதான். "பாலம்" என்பதை ஒரு பிள்ளை மனப்பாடத்திலிருந்தும் சொல்லிவிடலாம். "தெமோபு"வைக் கூட்டித்தான் படிக்க முடியும்.

அதன் பிறகே புதுப் பாடம். ஒரே ஒரு புது விஷயம், எட்டு நிமிடத்துக்குள். ஒரு நாளில் இரண்டு புதியதைச் சேர்ப்பதுதான் பயிற்சியாளர்கள் செய்யும் முதல் தவறு. மறுநாள் இரண்டும் கலந்து நிற்கும், எது புரியவில்லை என்றே கண்டுபிடிக்க முடியாது. புதியதை வைத்துப் பத்துப் பன்னிரண்டு சொற்கள், அவற்றோடு பழைய சொற்கள் கொஞ்சம். பிறகு டிக்டேஷன்: மூன்று ஒலி, ஐந்து சொல், இரண்டு வாக்கியம். பத்து நிமிடம். எல்லாமே ஏற்கெனவே கற்றவை. அப்புறம் கற்ற எழுத்துகளால் மட்டும் ஆன ஒரு சிறு பத்தி. கடைசி ஐந்து நிமிடம் பயிற்சியாளர் ஒரு நல்ல கதையைப் படித்துக்காட்டிப் பேச வைப்பார். இதை வெட்டிவிடக் கூடாது. சொந்தமாகப் படிக்க முடியாத காலத்தில் சொல்வளம் காது வழியாகத்தான் வளர வேண்டும்.

மணல் தட்டு, சொரசொரப்பான அட்டை, காற்றில் எழுதுவது எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். அவை துணைக்கருவிகள், மருந்து அல்ல. மணலில் எழுதும்போது வாய் ஒலியைச் சொல்லாவிட்டால் அது மணல் விளையாட்டுதான்.

கேள்வி: இந்த முறை ஆங்கிலத்துக்கு உண்டானது என்கிறார்களே. தமிழில் எழுதியபடியே படிக்கிறோம். தமிழில் டிஸ்லெக்சியா வருமா? வந்தால் பயிற்சி எப்படி இருக்கும்?

பதில்: வரும். முகம் வேறாக இருக்கும். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குச் சுமார் 44 ஒலி. ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டு. அதனால் பிழை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். தமிழில் பிள்ளை ஒருவழியாகக் கூட்டிவிடும், ஆனால் மெதுவாக. வேகக் குறைவும் எழுத்துப்பிழையும்தான் இங்கே முக்கிய அடையாளம். "சரியாகத்தானே படிக்கிறாள், கொஞ்சம் நிதானம்" என்று இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும்.

247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்துவிட்டுப் பிறகு சொல்லுக்கு வருவது இவர்களுக்கு ஒத்துவராது. ம, ப, ட, க, ல ஆகிய ஐந்தை மட்டும் எடுங்கள். உருவத்திலும் ஒலியிலும் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றின் புள்ளி வைத்த வடிவமும், அ, ஆ, இ ஆகிய மூன்று உயிரும் சேர்த்தால் மொத்தம் 23 வடிவம். அதற்குள்ளேயே படம், பாலம், கப்பல், பாட்டி, பல்லி, இடம், அப்பா என்று சொற்கள் வந்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு எழுத்தாகக் கூட்டுங்கள்.

மெய்யெழுத்தைச் சொல்லித் தரும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. "இப், இம், இக்" என்றே பழக்குகிறோம். "க–இப்–ப–இல்" என்று கூட்டும் பிள்ளைக்கு "கப்பல்" எப்படிக் கேட்கும்? முன்னால் ஒட்டிய இகரத்தை உதறிவிட்டு, முந்தைய எழுத்தோடு சேர்த்து "கப்", "பல்" என்று அசையாகச் சொல்லப் பழக்குங்கள். பாதித் தடுமாற்றம் அங்கேயே தீரும்.

துணையெழுத்துகள் அடுத்த இடறல். "கே" என்று எழுதும்போது கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது க். "கொ"வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளை இங்கே திணறுவது நியாயம்தான். க என்ற அட்டையை நடுவில் வைத்து, கொம்பையும் காலையும் தனித் துண்டுகளாக இரண்டு பக்கமும் நகர்த்திக் காட்டுங்கள். முழுவதும் சேர்ந்த பிறகே ஒலி, அதுவரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. உகர வரிசையை க முதல் ன வரை அகர வரிசையில் தராதீர்கள். கு, டு, மு, ரு ஒரு குடும்பம்; து, நு, லு, று ஒரு குடும்பம்; சு, பு, யு, வு இன்னொன்று. உருவக் குடும்பமாகத் தந்தால் சுமை மூன்றில் ஒன்றாகும்.

ஒரே க, "கல்"லில் ஒரு விதம், "தங்கம்" என்பதில் ஒரு விதம், "அகம்" என்பதில் இன்னொரு விதம் ஒலிக்கிறது. நமக்கு இது பழக்கத்தில் வந்துவிட்டது. இவர்களிடம் விதியாகவே சொல்லுங்கள்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அழுத்தம், மெல்லின மெய்க்குப் பின்னால் கனிவு, இரண்டு உயிருக்கு நடுவே இளக்கம்.

கடைசியாகப் பேச்சுத் தமிழ். புத்தகத்தில் "போகிறேன்" என்று இருக்க, பிள்ளை "போறேன்" என்று படித்தால்? பொருள் புரிந்திருக்கிறது, அதனால் திட்ட வேண்டாம். ஆனால் குறிப்பேட்டில் தனியாகக் குறித்துக்கொண்டு, விரலை "கி"யின் அடியில் வைத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் நடு எழுத்தைத் தாண்டிப் போவது பழக்கமாகிவிடும். பேச்சு வடிவத்தில் இல்லாத சொற்களில் அதுவே காலை வாரும்.

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியை. ஒரு மாணவி ண–ந–ன, ர–ற, ல–ள–ழ எல்லாவற்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்கிறேன். பத்தும் சரியாக இருக்கிறது, மறுநாள் டிக்டேஷனில் மறுபடி பிழை.

பதில்: மூன்றாம் தடவையிலிருந்து கை தானாக வரைகிறது, மனம் அங்கே இல்லை. பத்துத் தடவைக்குப் பதில் ஒரு தடவை, ஐந்து படியாக: சொல்லைக் கேட்க வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும், எழுத்து எழுத்தாக விரல் மடக்கிப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுத வேண்டும், எழுதியதை, நினைத்ததை அல்ல, படித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது படிதான் வழக்கமாக விடுபடும்.

இனி எழுத்துகள். பாதிக் குழப்பத்துக்கு நினைவாற்றலே தேவையில்லை, பக்கத்து எழுத்தைப் பார்த்தால் போதும். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே விதி இருக்கிறது: ட வந்தால் ண், த வந்தால் ந், ற வந்தால் ன். வண்டி, பந்து, கன்று. சொல்லின் முதலில் என்றால் எப்போதும் ந. நடுவில் த இல்லாமலே ந வரும் "அநியாயம்" போன்ற சில வடசொற்கள் விலகும். அவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள். ர, ற: சொல் முதலில் ர மட்டும், இரட்டித்தால் ற்ற மட்டும். ல, ள, ழ: சொல்லின் முதலில் ல மட்டும் வரும், அதுவும் பிறமொழியிலிருந்து வந்த சொற்களில்; ழ் இரட்டிக்காது.

சந்தேகம் தீராத சொல்லுக்கு அதன் உறவினரைக் கூப்பிடுங்கள். கல் – கற்கள், முள் – முட்கள். கல் – கற்றான், கேள் – கேட்டான். உறவுச் சொல்லில் ற் தலை காட்டினால் ல், ட் வந்தால் ள். ழகரம் பெரும்பாலும் மாறாது நிற்கும்: வாழ் – வாழ்ந்தான். எல்லாச் சொல்லுக்கும் இந்தச் சோதனை அமையாது. அமையாதவற்றை வாரம் இரண்டு மட்டும் நினைவில் ஏற்றுங்கள்.

"வால், வாள்" என்று ஜோடியாக ஒரே நாளில் கரும்பலகையில் எழுதி வித்தியாசம் காட்டுவது நம் எல்லோருக்கும் பிடித்த வழி. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அது குழப்பத்தை நிரந்தரமாக்கும். இரண்டும் சேர்ந்தே மனத்தில் பதியும், எது எது என்பது மட்டும் பதியாது. "வால்" அசையாமல் நின்ற பிறகு, இரண்டு வாரம் கழித்து "வாள்".

அவள் "பட்டம்" என்பதைப் "படம்" என்று எழுதினால் அது வேறு நோய். ஒற்று காதில் விழவில்லை. படம்–பட்டம், பாடு–பாட்டு என்று சொல்லி, ஒற்று வரும் இடத்தில் கையை மேசையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் மகள் படிக்கும்போது தப்பு வந்தால் உடனே சொல்லிக் கொடுக்கலாமா, அவளே கண்டுபிடிக்க விட வேண்டுமா?

பதில்: வாக்கியம் முடியட்டும். "மரம்" என்பதை "மாம்" என்று படித்தாள் என்று வையுங்கள். "தப்பு, மரம்!" என்றால் சொல் கிடைத்தது, கற்றது ஒன்றுமில்லை. பென்சில் முனையை "ர"வின் அடியில் வைத்து, "இது காலா, எழுத்தா?" என்று மட்டும் கேளுங்கள். பல அச்செழுத்துகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அவள் "எழுத்து, ர" என்றதும் சொல் முழுவதும், பிறகு வாக்கியம் முழுவதும் மறுபடி. ஐந்து நொடியில் வரவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள், பரீட்சை அல்ல. இருபது சொல்லில் ஒன்றுக்கு மேல் பிழை வந்தால் புத்தகம் கடினம், மாற்றுங்கள். வீட்டில் பதினைந்து நிமிடம் போதும்.

கேள்வி: பத்து மாதமாகப் போகிறோம். இப்போது பிழை குறைவு, ஆனால் ஆமை வேகம். பயிற்சி பலிக்கவில்லையா?

பதில்: பிழை குறைந்ததே பாதி வழி. வேகம் தனியாகப் பழக்க வேண்டியது. பிழையோடு இருக்கும்போது வேகப் பயிற்சி தொடங்கினால் ஊகம் திரும்பி வந்துவிடும் என்பதால்தான் அது பின்னால் வைக்கப்படுகிறது.

நூறு சொல் உள்ள ஒரு பத்தி, ஐந்து பிழைக்குள் படிக்கக் கூடியது. ஒரு நிமிடம் படிக்கட்டும். 58 சொல், 2 பிழை என்றால் கணக்கு 56. பிழையான இரண்டையும் தனியே பழக்கிவிட்டு அதே பத்தியை மறுபடி. மூன்று, நான்கு தடவை. கட்டத் தாளில் பிள்ளையே புள்ளி வைக்கட்டும். ஒரே பத்தியில் எண் ஏறுவது எல்லோருக்கும் நடக்கும். பார்க்க வேண்டியது, அடுத்த வாரப் பத்தியின் முதல் தடவை எண் இந்த வார முதல் தடவையைவிட ஏறுகிறதா என்பதுதான். ஆறு வாரம் அசையவில்லை என்றால் பயிற்சியாளரோடு உட்காருங்கள். கடிகாரம் பயமுறுத்தினால் மறைத்து வையுங்கள்.

ஆங்கிலத்துக்கான நிமிடச் சொல் அட்டவணையைத் தமிழுக்கு எடுத்து ஒப்பிடாதீர்கள். "படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" நமக்கு ஒரு சொல்! இம்மாதிரிச் சொற்களில் பென்சிலால் கோடு போட்டு உடையுங்கள். "களிடமிருந்து", "வதற்காக", "கொண்டிருந்த" போன்ற வால்களைத் தனி அட்டையில் எழுதி, ஒரே பார்வையில் சொல்லப் பழக்கினால் நீளச் சொல்லின் பயம் போகும்.

தேக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. வாரம் ஒரு மணி நேரம் ஒரு நாளைவிட, அரை மணி வீதம் நான்கு நாள் நல்லது. இடைவெளியில் பதிந்தது கரைந்துவிடும். பத்துக்கு ஏழு சரியாக வந்ததுமே அடுத்த படிக்குத் தாவியிருப்பார்கள். தொடர்ந்து மூன்று வகுப்பில் பத்துக்கு ஒன்பதாவது வர வேண்டும். கவனக்குறைபாடு டிஸ்லெக்சியாவோடு அடிக்கடி சேர்ந்தே வரும். அதைப் பார்க்காமல் விட்டால் எவ்வளவு நல்ல வரிசையும் ஒட்டாது. மற்றபடி, பொதுவாக இது இரண்டு மூன்று வருட வேலை. "மூன்று மாதத்தில் சரி" என்பவரிடம் கவனமாக இருங்கள்.

கேள்வி: நிறக் கண்ணாடி, தனி எழுத்துரு, கண் பயிற்சி, உடல் சமநிலைப் பயிற்சி?

பதில்: வேண்டாம். வாசிப்பைத் திருத்துவதாக எதற்கும் நம்பகமான சான்று இல்லை. எழுத்து கொஞ்சம் பெரிதாக, வரி இடைவெளி தாராளமாக இருந்தால் சௌகரியம். அதற்குத் தனி எழுத்துரு தேவையில்லை. ஆங்கில b, d எழுத்துகளைத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை பல பிள்ளைகளிடமும் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: எனக்கு 36 வயது. மின்னஞ்சல் எழுதவே பயம். இனிமேல் பயிற்சி பலிக்குமா?

பதில்: பலிக்கும். வரிசை அதேதான், தொடங்கும் இடம் வேறு. முதல் வகுப்பில் பொருளில்லாத சொற்களும் ஒரு டிக்டேஷனும் கொடுத்து ஓட்டை எங்கே என்று பார்ப்பார்கள். தெரிந்ததைத் தாண்டிவிடலாம், குழந்தைப் பாட்டுப் புத்தகம் அவசியமில்லை. உங்கள் வேலையில் தினமும் வரும் நாற்பது சொல்லைப் பட்டியலிட்டுக் கொண்டுபோங்கள்; டிக்டேஷன் அதிலிருந்து வரட்டும். சொல்லின் வேரும் ஒட்டும் பெரியவர்களுக்குக் குழந்தைகளைவிட விரைவாகப் பிடிபடும், அங்கே அதிக நேரம் செலவிடலாம்.

பயிற்சி முடியும்வரை வேலை காத்திருக்காது. கைபேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியை இன்றே இயக்கிவிடுங்கள். மின்னஞ்சலை வாயால் சொல்லி எழுதவைத்து, அனுப்பும் முன் கைபேசியை விட்டே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் தவறவிடும் பிழையைக் காது பிடித்துவிடும். ல–ள, ர–ற போன்ற குழப்பங்கள் மட்டும் காதுக்கும் தப்பும். அவற்றுக்கு மேலே சொன்ன விதிகளும் உறவுச் சொல் சோதனையும்.